பதக்கத்தில் இல்லாத பெயர்கள்

1785ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு நினைவுப் பதக்கம் அடிக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் மன்னர் பதினாறாம் லூயியின் முகம். மறுபக்கத்தில் சில வரிகள். மன்னரின் கப்பல்களான ‘புசோல்’, ‘அஸ்த்ரோலாப்’ இரண்டும் லா பெரூஸ், தெ லாங்ள் ஆகியோரின் தலைமையில் 1785 ஜூன் மாதம் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டதாக அந்த வரிகள் சொல்கின்றன.

ஆனால், அந்தக் கப்பல்கள் உண்மையில் புறப்பட்டது ஆகஸ்ட் 1ஆம் தேதி.

அரசாங்கமே அடித்த பதக்கத்தில் தேதி எப்படித் தவறாக இருக்க முடியும்? விடை எளிமையானது. பதக்கம் முதலில் தயாரானது, பயணம் பிறகு தொடங்கியது. கப்பலில் ஏற்றி எடுத்துச் செல்வதற்காகவே அந்தப் பதக்கங்கள் முன்கூட்டியே அடிக்கப்பட்டன. திட்டமிட்ட தேதி உலோகத்தில் ஏறிவிட்டது. கப்பல் தாமதமானபோது உலோகத்தைத் திருத்த முடியவில்லை.

பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. கேப்டன் ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணத்திற்காகப் பர்மிங்ஹம் நகரின் மேத்யூ போல்ட்டன் சுமார் 2,000 பித்தளைப் பதக்கங்களைச் செய்து கொடுத்தார். 1772 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டதாக அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குக் புறப்பட்டதோ ஜூலை மாதம்.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவத்தில் நான் எடுத்த வரலாற்றுப் பாடத்தில், கடலோடு தொடர்புள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நண்பர்கள் கப்பல் மணி, வரைபடம், மசாலாப் பெட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பிரெஞ்சுக் கடற்படையின் ஆய்வுப் பயணப் பதக்கங்களை எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டத் தகட்டைப் பற்றி என்ன பெரிதாக எழுதிவிட முடியும் என்று தோன்றலாம். ஆனால், அந்தத் தகட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் என்னைப் புதுச்சேரிக்கும் தெலுக் ஆயருக்கும் கடைசியில் எங்கள் வீட்டு அலமாரிக்கும் அழைத்துச் சென்றது.

எதற்காக இந்தப் பதக்கங்கள்?

நாணயம் செலவழிப்பதற்கு, பதக்கம் நினைவுக்கு. செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். எஃகில் உருவத்தையும் எழுத்தையும் தலைகீழாகச் செதுக்கி அச்சு தயாரிப்பார்கள். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெறும் உலோகத் தகட்டை வைத்து, திருகு பொறியால் ஓங்கி அழுத்துவார்கள். வெள்ளியில் சில, செம்பு அல்லது வெண்கலத்தில் பல என்று அடிப்பது வழக்கம்.

கடல் பயணங்களில் இவற்றுக்கு இரண்டு வேலைகள். கப்பல் போய்ச் சேரும் தீவுகளின் தலைவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பது ஒன்று. ‘எங்கள் மன்னரின் ஆட்கள் இங்கு வந்தார்கள்’ என்பதற்குச் சாட்சி விட்டுச் செல்வது மற்றொன்று. காகிதம் மட்கிவிடும், மரப்பலகை உளுத்துவிடும், உலோகம் நிற்கும். குக்கின் பதக்கங்கள் சில, நெடுங்காலத்திற்குப் பிறகு நியூசிலாந்து மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

பிரான்ஸ் இந்த வழக்கத்தை விடாமல் தொடர்ந்தது. 1791ல் தாந்த்ரகாஸ்தோவின் பயணம், 1800ல் நிக்கோலா போதேனின் பயணம், 1817ல் ஃபிரெய்சினேயின் பயணம், 1837ல் துமோன் துர்வீலின் தென்துருவப் பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் பதக்கம் உண்டு. பதினாறாம் லூயி போய் நெப்போலியன் போனபார்ட் வந்தார். அவருக்குப் பின் மறுபடியும் மன்னர்கள் வந்தார்கள். பதக்கத்தின் முகம் மாறியதே தவிர அமைப்பு மாறவில்லை. ஒரு பக்கம் ஆள்பவர், மறுபக்கம் கப்பலும் தலைவரும்.

புறப்படும் முன்பே அடித்துவிடுவதால் இவற்றில் வெற்றியோ தோல்வியோ பதிவாவதில்லை. அந்தப் பெயர்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பதக்கங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. தெ லாங்ள் 1787 டிசம்பரில் சமோவாத் தீவுகளில் நடந்த மோதலில் கொல்லப்பட்டார். லா பெரூஸின் இரண்டு கப்பல்களும் 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி வளைகுடாவிலிருந்து கிளம்பின. அதன்பிறகு ஐரோப்பியர் எவரும் அவற்றைப் பார்க்கவில்லை. அவரைத் தேடிப் போன தாந்த்ரகாஸ்தோ 1793ல் கடலிலேயே இறந்தார். போதேன் நாடு திரும்பும் வழியில் 1803ல் மொரீஷியசில் காலமானார். ஃபிரெய்சினேயின் ‘யுரானி’ கப்பல் 1820ல் ஃபாக்லாந்துத் தீவுகளில் உடைந்தது.

அந்த யுரானி கப்பலில் இன்னொருவரும் இருந்தார். ஃபிரெய்சினேயின் மனைவி ரோஸ். கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு அனுமதி இல்லாததால் ஆண் உடையில் ஏறி உலகைச் சுற்றினார். பயணத்தில் வரையப்பட்ட ஓவியம் ஒன்றில் அவர் இருக்கிறார். அதிகாரபூர்வ நூலில் அந்தக் காட்சி அச்சானபோது அவரை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

பாட்டியின் கேள்வி

பஃபலோ ரோட்டில் பாட்டியின் வீவக வீடு. தேக்கா சந்தைக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லா பெரூஸ் பதக்கத்தின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். எழுதியிருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னேன். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“ராஜா முகம் இருக்கு, கேப்டன் பேரு இருக்கு. கப்பல்ல சோறாக்கினவன், பாய் கட்டினவன் பேரெல்லாம் எங்கம்மா?”

“அதெல்லாம் போடமாட்டாங்க, பாட்டி.”

“அப்போ கப்பலு தானாப் போச்சா?”

என் கட்டுரையின் திசையை மாற்றியது அந்தக் கேள்விதான். அன்றிலிருந்து பதக்கங்களை விட்டுவிட்டுக் கப்பல்களின் பணியாளர்களைத் தேட ஆரம்பித்தேன். அங்கே எதிர்பாராத விதமாக இந்தியர்கள் இருந்தார்கள்.

மர்மத்தை அவிழ்த்த லஸ்கர்

ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமிகளை ‘லஸ்கர்’ என்று அழைத்தார்கள். 1813ல் ‘ஹண்டர்’ என்ற கல்கத்தா கப்பல், பசிபிக் பெருங்கடலில் உள்ள திக்கோபியா என்ற சின்னஞ்சிறு தீவில் சிலரை இறக்கிவிட்டது. அவர்களில் ஒருவர் புஷார்ட் என்ற பிரஷ்ய நாட்டவர். இன்னொருவர் ஒரு லஸ்கர். ஆங்கிலேயர்கள் அவரை ‘ஜோ’ என்று அழைத்தார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1826 மே மாதம், பீட்டர் டில்லன் என்ற கப்பல் தலைவர் வால்பரைசோவிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் அந்தத் தீவுப் பக்கம் வந்தார். தீவில் இறக்கிவிட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக நின்றார். இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஜோவிடம் வெள்ளியில் செய்த பழைய வாள் கைப்பிடிக் காப்பு ஒன்று இருந்தது. அது பக்கத்துத் தீவான வனிக்கோரோவிலிருந்து வந்தது. முன்பொரு காலத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் அங்கே பாறையில் மோதி உடைந்தன என்ற செய்தியும் அதோடு சேர்ந்து வந்தது. ஜோ அந்தத் தீவுக்கே போய்வந்தவர்.

பிரான்ஸ் 38 ஆண்டுகளாகத் தேடிய விடை அங்கே இருந்தது. லா பெரூஸைத் தேடி அனுப்பப்பட்ட தாந்த்ரகாஸ்தோவே 1793ல் வனிக்கோரோவைத் தூரத்தில் பார்த்து, தன் கப்பலின் பெயரை அதற்கு வைத்துவிட்டு, இறங்காமல் கடந்து போயிருந்தார்.

டில்லன் கல்கத்தா சென்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கப்பல் பெற்று, 1827ல் வனிக்கோரோவை அடைந்தார். கப்பல் மணி உட்படப் பல பொருள்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். லா பெரூஸ் குழுவிலிருந்து ரஷ்யாவின் கம்சாட்காவில் 1787லேயே இறங்கிவிட்டதால் உயிர்பிழைத்த பார்த்தெலமி தெ லெசெப்ஸ், அந்தப் பொருள்களைப் பார்த்து அடையாளம் சொன்னார். துமோன் துர்வீல் 1828ல் வனிக்கோரோவில் நினைவுச்சின்னம் எழுப்பினார். அவர் சென்ற கப்பலுக்கும், காணாமல்போன கப்பலின் நினைவாக ‘அஸ்த்ரோலாப்’ என்றே பெயர் மாற்றியிருந்தார்கள்.

டில்லனுக்குப் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் உயரிய விருதும் ஆண்டுக்கு 4,000 ஃபிராங்க் உதவித்தொகையும் வழங்கினார். ஜோவுக்கு? அவர் திக்கோபியாவில் மணம் முடித்துக் குடியேறிவிட்டவர். வனிக்கோரோவுக்கு வழிகாட்ட வரச் சொன்னபோது மறுத்துவிட்டார். அந்த மனிதரின் ஊர், உறவு பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். ‘ஜோ’ என்பதுகூட அவருக்கு அவரது பெற்றோர் வைத்த பெயராக இருக்க வாய்ப்பில்லை.

புதுச்சேரியிலிருந்து ஒரு மாலுமி

இன்னொரு பிரெஞ்சுப் பயணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. இது கடற்படைப் பயணம் அல்ல, வணிகர்கள் பணம் போட்டு அனுப்பியது. 1769 ஜூன் மாதம் ‘சான் ஜான் பத்தீஸ்த்’ என்ற கப்பல், தெ சுர்வீல் என்பவரின் தலைமையில் புதுச்சேரியிலிருந்து பசிபிக் பெருங்கடலை நோக்கிக் கிளம்பியது. மலாக்காவில் நின்று, பிறகு திரங்கானுவுக்குப் போனது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மலாக்காவிலிருந்து திரங்கானுவுக்குப் போகும் கப்பல் நம் தீவை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். ராஃபிள்ஸ் இங்கு வருவதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு!

அந்தக் கப்பலில் இருந்த இரண்டு லஸ்கர்களின் பெயர்கள் பணியாளர் பட்டியலில் இருக்கின்றன. ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த நஸ்ரீன். மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்தவர். பிரெஞ்சு எழுத்தர் அவர் பெயரைத் தன் காதில் விழுந்தபடி ‘மமூத் காசெம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். மஹ்மூது காசிம் என்று நாம் படிக்கலாம். 1769 டிசம்பரில் கப்பல் நியூசிலாந்தை அடைந்தது. அந்நாட்டுக்குச் சென்றதாக அறியப்படும் முதல் இந்தியர்கள் இவர்கள் இருவரும்தான்.

அப்போது கப்பலில் ஸ்கர்வி நோய் பரவியிருந்தது. மாதக்கணக்கில் பழமும் பச்சைக் காய்கறியும் இல்லாமல் வைட்டமின் சி குறைந்து, ஈறுகளில் இரத்தம் கசிந்து, உடல் சோர்ந்து இறக்கும் நோய் அது. காசிமும் நஸ்ரீனும் அடுத்த சில மாதங்களில் அந்த நோய்க்குப் பலியானார்கள். கப்பல் போய்ச்சேர்ந்த பெரு நாட்டை அவர்கள் பார்க்கவில்லை. நியூசிலாந்தில் தெ சுர்வீல் சிறைப்பிடித்துக் கொண்டுபோன மவோரித் தலைவர் ரங்கினூயியும் 1770 மார்ச்சில் கடலில் இறந்தார். தெ சுர்வீல் பெருவின் கரையோரத்தில் நீரில் மூழ்கி மாண்டார். அந்தக் கப்பல் நியூசிலாந்தில் இழந்த நங்கூரங்கள் 1974ல் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று இன்று வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காசிமின் பெயரை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது பதக்கம் அல்ல, கப்பலின் ஆள் கணக்கு. யார் எந்த ஊர், யார் எப்போது இறந்தார் என்று ஓர் எழுத்தர் வேலைக்காக எழுதிய பட்டியல். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று செய்த உலோகத்தில் மூன்று பெயர்கள். யாரும் பார்ப்பார்கள் என்று எண்ணாமல் எழுதிய காகிதத்தில் எல்லாருடைய பெயர்களும்.

சிங்கப்பூர்க் கரையில்

1819க்குப் பிறகு பிரெஞ்சு ஆய்வுக் கப்பல்கள் சிங்கப்பூரிலும் நிற்கத் தொடங்கின. 1830ல் ‘லா ஃபவோரித்’, 1837ல் ‘லா போனித்’, 1839ல் துமோன் துர்வீலின் ‘அஸ்த்ரோலாப்’, ‘ஸெலே’. இவற்றில் முதல் இரண்டும் புதுச்சேரிக்கும் போனவை.

அந்த மாலுமிகள் கண்ட சிங்கப்பூரில் தமிழர்கள் இருந்தார்கள். சிங்கப்பூர் ஆற்றில் கப்பல் சரக்குகளை ஏற்றி இறக்கிய படகுகளில், ஆரம்பக் காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். அவர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இன்றும் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நிற்கிறது. இன்று அதைச் சுற்றி வானுயர்ந்த கட்டடங்கள். அன்று அந்தத் தெருவுக்கு எதிரே கடல். அலையில் தப்பி வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொன்ன இடம் அது. அந்தப் படகோட்டிகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

நம் நாட்டு நினைவுப் பொருள்களையும் இதே கண்ணோடு பார்த்தேன். 1969ல், நவீன சிங்கப்பூரின் 150ஆம் ஆண்டு நிறைவுக்கு 150 வெள்ளி தங்க நாணயம் வெளியானது. அதில் இருப்பது ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். ஐம்பது ஆண்டு கழித்து, 2019ல் இருநூற்றாண்டு நிறைவுக்கு 20 வெள்ளி நோட்டு வெளியானது. அதன் முன்பக்கத்தில் வழக்கம்போல் நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பின்பக்கத்தில் எட்டுப் பேர். ஒருவர்கூட நாட்டை ஆண்டவர் அல்லர். ஆசிரியர், சமூகத் தொண்டர், விளையாட்டாளர், ராணுவ வீரர், தாவரவியலாளர், தொழிலதிபர் என்று பல துறையினர். அவர்களில் ஒருவர் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா. இன்னொருவர் சிராங்கூன் சாலையில் கடை நடத்திய பி. கோவிந்தசாமி பிள்ளை. அந்த வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டால் ‘பிஜிபி கடை’ என்று இன்றும் சொல்வார்கள்.

அதே ஆண்டு சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் தற்காலிகமாக வேறு நான்கு சிலைகளும் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நாராயண பிள்ளையுடையது. 1819 மே மாதம் ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து ‘இந்தியானா’ கப்பலில் வந்தவர், செங்கல் சூளை நடத்தியவர், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர்.

ஒரே கப்பல். ஒருவர் பெயரில் சாலை, மருத்துவமனை, கலங்கரை விளக்கம். மற்றவருக்குப் பக்கத்தில் நிற்க இருநூறு ஆண்டு. ராஃபிள்சின் பெயரை அழிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். பதக்கத்தில் இருப்பவர்களும் பயணம் செய்தவர்கள்தான், பலர் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். ஆனால், பதக்கம் காட்டுவது பயணத்தின் ஒரு பகுதியை மட்டுமே. அதை முழுப் பயணம் என்று எடுத்துக்கொண்டால் நாம் நம்மையே கதையிலிருந்து வெளியேற்றிவிடுகிறோம்.

நம் வீட்டுக் கப்பல்கள்

இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களின் கதையில் ‘ரஜூலா’ என்ற பெயர் வரும். 1926ல் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் போய்வந்தது. என் தாத்தாவும் நாகப்பட்டினத்தில் அதில்தான் ஏறினார். டெக் டிக்கெட், ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். பாட்டி அலமாரியிலிருந்து தாத்தாவின் பழைய கடப்பிதழை எடுத்துக் காட்டினார். வந்திறங்கிய தேதியின் முத்திரை பாதி அழிந்திருந்தது. அந்தப் பயணத்திற்குப் பதக்கம் எதுவும் இல்லை, அந்த முத்திரைதான் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பவர்களுக்கு ‘சோர்ஸ் பேஸ்டு’ கேள்வி நன்றாகத் தெரியும். ஓர் ஆதாரத்தைக் கொடுத்து, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பார்கள். ஒரு பதக்கமோ நாணயமோ சிலையோ கண்ணில் பட்டால் நான் இப்போது நான்கு கேள்விகள் கேட்கிறேன். இது நிகழ்வுக்கு முன் செய்யப்பட்டதா, பின்னா? இதற்குப் பணம் கொடுத்தது யார்? யாருடைய பெயர் இருக்கிறது? அந்த வேலை நடக்க யாரெல்லாம் தேவைப்பட்டிருப்பார்கள், அவர்களின் பெயர் வேறு எந்தத் தாளில் இருக்கும்?

கடைசிக் கேள்விதான் வேலை வைக்கும். அதற்கு உதவும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் தொடங்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சாதாரண மக்களின் குரல்களையும் பதிவு செய்துவருகிறது. தமிழில் பேசிய நேர்காணல்களும் அங்கு உண்டு. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் நாளிதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம்.

அதற்கு முன், வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதுங்கள்: வந்த கப்பலின் அல்லது விமானத்தின் பெயர், ஏறிய ஊர், கூட வந்தவர்களின் பெயர்கள். மூன்றாவதை மறக்காமல் கேளுங்கள். பாட்டியிடம் நான் கேட்டபோது, தாத்தாவோடு ஒரே பாயில் படுத்து வந்த இருவரின் பெயரையும் யோசிக்காமல் சொன்னார். அவர்கள் எங்கள் உறவினர்கூட இல்லை. அந்த இரண்டு பெயர்களும் இப்போது என் நோட்டில் இருக்கின்றன.